கீழைக்கரையில் துவக்கு: காவலும் பயிற்சியும்

தமிழகத்தார் துப்பாக்கி என்று கூறும் படைக்கலத்தை ஈழத்தமிழர் பெரும்பாலும் துவக்கு என்றே வழங்குவர். இரண்டும் ஒரே வேரினவாம். துருக்கியர் மொழியிலே தோன்றிப் பாரசீகத்தின் வழியாகவும் இந்துத்தானியின் வழியாகவும் தென்னாடு புகுந்த ஒரு சொல்லின் திரிபுகளே அவை. சிங்களத்தார் கூறும் துவக்குவ என்பதும் அச்சொல்லே. வாளுக்கும் வேலுக்கும் வில்லுக்கும் எத்துணையோ பெயர்களைத் தானே படைத்துக்கொண்ட நம் மொழி, இவ்வொரு படைக்கலத்துக்குப் பெயரையும் இரவல் பெற நேர்ந்தது. பெயரைப் பெற்றோம், கருவியையும் பெற்றோம், அதனைக் கையாளுதற்குரிய பயிற்சியைப் பெற்றோமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. 'வீட்டில் ஒரு துவக்கு இருந்திருந்தால்' என்னும் பேச்சுத் திருக்கோவில் முதற் கல்முனை ஈறாகவுள்ள கரையூர்களிலே, தமிழர் இல்லங்களிலும் முஸ்லிம்கள் இல்லங்களிலும், சென்ற நாற்பது ஆண்டுகளாகக் கேட்கப்படுவதொன்று. உணர்ச்சியிற் பிறந்த அப்பேச்சை வரலாற்றின் துணைகொண்டு நோக்குதல் தகும்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே போர்த்துக்கேயர் இத்தீவை அடைந்தபோது இங்கே ஒரு துவக்கேனும் இருக்கவில்லை என்றும், அவர்களோடு இடைவிடாது பொருதமையாற் சிங்களவர் அக்கலையிற் சிறந்து, போர்த்துக்கேயருடையவற்றினும் மேலான துவக்குகளைச் செய்தனர் என்றும், தம் காலத்தில் 20,000க்கு மேற்பட்ட துவக்குகள் தீவில் இருந்தன என்றும் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கோத்தோ எழுதினார். பகைவன் வாயிற் பிறந்த புகழாதலின் இதனை நம்பலாம். இரும்பு உருக்கும் கொல்லரும், வெடியுப்புக் காய்ச்சுவோரும், தந்தமும் வெள்ளியும் இழைக்கும் கம்மாளரும் ஒருங்கே வாழ்ந்த நாட்டில் கருவி விரைவிற் கைவந்தது வியப்பன்று.

ஆயினும் கருவி வேறு, பயிற்சி வேறு. திரி பற்றவைத்துச் சுடும் அக்காலத் துவக்கிலே மருந்தை அளந்து குழலில் இட்டு, ரவையையும் அடைப்பையும் வைத்துக் கோலால் இடித்து, பற்றுக்கிண்ணத்தில் நுண்மருந்து தூவி, கனலும் திரியைப் பொருத்திச் சுடுதற்குள் மாற்றான் அண்மித்துவிடுவான். மழை பெய்தால் அதுவும் இல்லை. இக்குறையை ஒல்லாந்தர் புதுக்கருவியால் நீக்கவில்லை, பயிற்சியினால் நீக்கினர். நாசோவின் மோரிசு இளவரசர் காலத்தில், 1607இல், யாக்கோப் தெ கெயின் என்னும் ஓவியர் துவக்கைக் கையாளும் முறையை நாற்பதுக்கு மேற்பட்ட தனித்தனி நிலைகளாகப் பிரித்துப் படமாக வரைந்து நூலாக்கினார். ஒரு வரிசை சுட்டுப் பின்வாங்க, அடுத்த வரிசை முன்வந்து சுடும். அந்தப் பயிற்சியில் வளர்ந்த படையே 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் இரண்டாம் இராசசிங்கனின் படையோடு சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. திருக்கோவிலின் பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர் என்பது வழிவழி வந்த மரபு. அதனை இடித்தவர் கையிலும் துவக்கு இருந்தது. அவரை வென்றவர் கையிலும் துவக்கே இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலை மாறியது. 1817இலும் 1818இலும் ஊவா, வெல்லசைப் பகுதிகளில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய பின்னர் மக்களிடமிருந்த துவக்குகள் பறிக்கப்பட்டன. வெல்லசை இன்றைய அம்பாறை மாவட்டத்துக்கு மேற்கே அடுத்துள்ள நாடு என்பதை இங்குள்ளார் அறிவர். முப்பது ஆண்டு கழித்து, 1848இல், தேசாதிபதி டொரிங்டன் பிரபு நாய்க்கும் கடைக்கும் வள்ளத்துக்கும் வரி விதித்தபோது துவக்குக்கும் ஆண்டுதோறும் இரண்டரைச் சிலிங் உரிமக் கட்டணம் விதித்தார். மாத்தளைக் கிளர்ச்சிக்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. நகரத்து அதிகாரிக்குத் துவக்கு ஆடம்பரப் பொருளாகத் தோன்றியிருக்கலாம். சேனைக்காரனுக்கோ அது மண்வெட்டியைப் போன்றதொரு தொழிற்கருவி. பன்றியும் யானையும் வரும் நாட்டில் வேலிக்கு வரி விதித்ததை ஒக்கும் அது.

இவ்விடத்திற் சிறிது தங்கிச் செல்ல வேண்டும். ஏனெனில் நம் கரையில் துவக்கைத் தெரிந்தெடுத்தது மனிதப் பகையன்று, விலங்குப் பகையே. வேளாண்மை குடலைப் பருவம் அடைந்ததும் வட்டையிற் பரண் கட்டி இரவுக்காவல் இருப்பது வழக்கம். போடியாரின் வயலாயினும் முல்லைக்காரனின் பங்காயினும் காவற்காரன் கையிலுள்ளவை தீப்பந்தமும் தகரமும், வசதியிருப்பின் ஒரு துவக்குமாம். ஏழையின் துவக்கு 'இடியன்'. வாய்வழி மருந்திட்டுக் கோலால் இடித்துச் சுடுவதால் அப்பெயர் பெற்றது போலும். ஊர்க் கொல்லனே அதனைச் செய்தும் திருத்தியும் கொடுப்பான். அடுத்த படியிலுள்ளது ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ உடைய 'சொட்கன்'. அதனைப் பன்னிரண்டாம் இலக்கம் என்பதன் பொருள் பலரும் அறியாதது: குழலின் விட்டத்துக்குச் சரியான ஈயக்குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறையாகும் என்பதே அது. ஆகவே இலக்கம் பெரிதானாற் குழல் சிறிதாகும். சன்னம் நிறைத்த தோட்டா குழலைவிட்டு நீங்கியதும் விரியத் தொடங்கும். ஏறத்தாழ 40 யார் தூரத்துக்கு அப்பால் சிறுசன்னம் வலுவிழக்கும். இருட்டில், அசையும் இலக்கை நோக்கி, நீண்ட நேரங் குறிபாராது சுடவேண்டிய காவற்காரனுக்கு இவ்விரிவே துணை. அதே விரிவு, வீட்டு முற்றத்திலே திருடனுக்குப் பின்னால் தன் பிள்ளை நிற்கும்போது பெருங்கேடு. வட்டைக்கு நல்ல கருவி வீட்டுக்கு நல்ல கருவியாகிவிடாது.

செல்வமும் ஓய்வும் உடையவர் தெரிந்தெடுத்த விதம் வேறு. 1840களிலும் 1850களிலும் இத்தீவில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரிடம் 21 இறாத்தல் நிறையுள்ள துவக்கொன்றைத் தமக்கென்றே செய்வித்தார். யானையின் மண்டையோட்டை எண்ணி எடுத்த முடிவு அது. அவரைப் போன்றோர் எந்த விலங்கை எவ்விடத்தில் எத்தூரத்திற் சுடுவது என ஆராய்ந்த பின்னரே கருவியைத் தேர்ந்தனர். நாள்தோறும் சுட்டுப் பழகினர். நம் காவற்காரன் ஆண்டுக்குச் சில தோட்டாக்களே சுட்டான். தோட்டாவின் விலை அவனைப் பழகவிடவில்லை. அவனுக்கிருந்த ஒரே பள்ளிக்கூடம் பரண். தந்தையோ மாமனோ குழலை வானோக்கிப் பிடி, ஏறும்போதும் இறங்கும்போதும் தோட்டாவைக் கழற்று, அசைவது மாடா மனிதனா என்று தெரியுமட்டும் விசையிற் கைவையாதே என்று சொல்லிக் கொடுத்தனர். இதனை எளிதாக எண்ணற்க. இன்றைய துவக்குப் பயிற்சி நூல்கள் முதலிற் கூறுவனவும் இவையே.

இங்கே கட்டுத்துவக்கு என்னும் தீமையையுஞ் சொல்லாமல் விடுதற்கில்லை. விலங்கு வரும் தடத்திற் கயிறு கட்டி, அது தடுக்கியவுடன் வெடிக்குமாறு வைக்கும் இச்சட்டவிரோதக் கருவியில் குறிபார்ப்பாரும் இல்லை, பொறுப்பேற்பாரும் இல்லை. விறகுக்குச் சென்றவரும் தேனெடுக்கச் சென்றவரும் அதனாற் காலிழந்தனர், உயிருமிழந்தனர்.

தற்காப்பைப் பற்றிய சட்டம் இங்கு அறியாததொன்றன்று. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி, தன்னுடலையும் பிறருடலையும் பொருளையும் காத்துக்கொள்ளும் உரிமையை 89ஆம் பிரிவு முதல் 99ஆம் பிரிவு வரை வகுத்துரைக்கின்றது. அவற்றுள் 92ஆம் பிரிவே எல்லோரும் மனங்கொள்ள வேண்டியது. அரசின் பாதுகாப்பை நாடுவதற்கு அவகாசமிருப்பின் அவ்வுரிமை இல்லை; உரிமை உள்ளவிடத்தும் காவலுக்கு வேண்டிய அளவினும் மிகுதியான தீங்கு செய்தலாகாது. உயிர்க்கொலை வரை செல்லும் உரிமை, சாவோ கொடுங்காயமோ நேருமென நியாயமாக அஞ்சத்தக்க தாக்குதல் முதலிய சிலவற்றுக்கே உரியது. பொருளைப் பொறுத்தவரை கொள்ளை, இரவில் வீடுடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைத்தல் போன்றவற்றுக்கே அது நீளும். மாங்காய் பறித்தோடும் பையனின் முதுகிற் சுடுவதற்கு எந்தப் பிரிவும் இடந்தரவில்லை. இவ்வளவையும் ஓரிரு நொடியில் நிறுத்துப் பார்த்தே விசையை அழுத்த வேண்டும். முன்பே பழகாத மனம் அந்த நொடியில் இதனைச் செய்யுமோ?

1915ஆம் ஆண்டு இவ்வினாவுக்குக் கசப்பான விடைகளைத் தந்தது. அவ்வாண்டு மே மாத இறுதியிற் கண்டியிலே தொடங்கி முஸ்லிம்களுக்கெதிராகப் பரவிய கலவரத்தை அடக்கப் படைச்சட்டம் பிறப்பிக்கப்பட்டது. தோட்டத்துரைமார் உள்ளிட்ட ஐரோப்பியர் பலர் கையில் துவக்குடன் ஊர்களுட் புகுந்தனர். விசாரணையின்றியே பலர் சுடப்பட்டனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் இதனை வன்மையாகக் கண்டித்து, 1916இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். கொழும்பு நகரக்காவற் படையின் அதிகாரியாயிருந்த ஹென்றி பேதிரிஸ், கூட்டத்தின்மீது சுட்டுக் கலவரத்தைத் தூண்டினாரென்று குற்றஞ்சாட்டப்பட்டு, 26ஆம் வயதில், 1915 யூலை 7ஆந் தேதி சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவரென்பதே பின்னைய ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. தற்காப்புக்கெனத் திரட்டப்பட்ட குடிமக்கட் படையின் துவக்கு, ஒருவரைக் கொலைகாரராகவும் மற்றொருவரைக் கொலையுண்டவராகவும் ஆக்கும் விரைவை அவ்வாண்டு காட்டியது. அடுத்த ஆண்டே, 1916இன் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச்சட்டம் வந்தது. திருத்தங்களோடு இன்றும் நாட்டை ஆள்வது அதுவே. யார் வைத்திருக்கலாம், யாரிடம் உரிமம் பெறவேண்டும், தவறினால் என்ன தண்டனை என்பனவே அதன் கவலை. உரிமத்தைப் பற்றிய சட்டம் அது, பயிற்சியைப் பற்றியதன்று.

1971 ஏப்பிரிலிற் கிளர்ச்சி செய்த இளைஞர், பொலிஸ் நிலையங்களைத் தாக்கியதோடு, உரிமம் பெற்ற சொட்கன்கள் இருந்த வீடுகளையும் தேடிச் சென்றனர். துவக்கு வீட்டைக் காக்கவில்லை. துவக்கே பகையை வீட்டுக்கு அழைத்தது.

பின்னர் வந்த போர் நம் வாசலுக்கே வந்தது. 1986 பெப்ரவரி 19இல், திருக்கோவிலுக்கு மேற்கேயுள்ள உடும்பன்குளத்தில் அறுவடைக்குச் சென்றிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் கொல்லப்பட்டனர். படையினர்மீதே பழி சுமத்தப்பட்டது. அவர்கள் கையில் அரிவாளன்றி வேறில்லை. 1990 யூன் 11ஆந் தேதியையொட்டி, மேலிடத்தின் கட்டளைப்படி விடுதலைப்புலிகளிடம் சரணடைந்த சிங்கள, முஸ்லிம் பொலிசார் பல நூற்றுவர் கொல்லப்பட்டனர். அவ்விடங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுவது இதே பகுதியிலுள்ள றூபஸ்குளம். அவர்கள் துவக்கும் பயிற்சியும் ஒருங்கே உடையவர். துவக்கைக் கீழே வைக்குமாறு பணிக்கப்பட்டவர். இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர், 'ஒரு துவக்கு இருந்திருந்தால்' என்பதனை அத்துணை எளிதாகச் சொல்லார். அணியணியாக வரும் படைக்கு எதிரே ஒற்றைக்குழல் சொட்கன் ஒருவனுக்குச் சில நொடிகளைத் தரலாம். அவனுடைய ஊருக்குப் பழியையுந் தரலாம்.

அவ்வாண்டு ஆகத்து 3ஆந் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டபின், கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் ஊர்காவற்படை பெருகியது. குறுகிய காலப் பயிற்சியும் ஒரு சொட்கனும் பெற்ற இளைஞர் தம் ஊரெல்லையிற் காவல் நின்றனர். அவர்தம் அச்சம் உண்மையானது. தமிழனாகிய யான் இதனை மறுக்கேன். அம்மாதத்திலேயே வீரமுனையில் தமிழ் அகதிகள் கொல்லப்பட்டதில் ஊர்காவற்படையினர்க்கும் பங்குண்டு எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. எல்லையிற் காவல் நிற்பதற்கெனக் கொடுத்த துவக்கு எல்லையைக் கடந்தது எங்ஙனம்? சுடக் கற்பித்தது போலச் சுடாதிருக்கக் கற்பிக்க அக்குறுகிய காலம் போதாமையும் ஒரு காரணமென்பது என் துணிபு. சுவிற்சர்லாந்தில் படைத்துவக்கை வீட்டில் வைத்திருக்கும் குடிப்படையினன் பணிக்காலத்தில் ஆண்டுதோறும் இலக்குக் களத்துக்குச் சென்று சுட்டுக் காட்டக் கடமைப்பட்டவன். கருவியை ஒருமுறை கொடுத்துவிட்டு அந்நாட்டு அரசு ஒதுங்கவில்லை.

இந்நாளிற் பயிர்க்காவலுக்குரிய சொட்கனுக்கான விண்ணப்பங்களை மாவட்டச் செயலகமும், தற்காப்புக்குரியவற்றைப் பாதுகாப்பு அமைச்சும் நோக்குகின்றன. 2024 இறுதியில் அவ்வமைச்சு, தற்காப்புக்கென வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு அறிவித்தது. மீளக் கொடுக்கும்போது யாருக்குக் கொடுப்பது என்பதே பேசப்பட்டது. பரணிற் கற்பித்த தந்தையரும் மாமன்மாரும் அருகி வருகின்றனர். போர் அவர்களிற் பலரைக் கொண்டுபோயிற்று. ஆதலின் கச்சேரியில் உரிமச்சீட்டு எழுதப்படும் நாளிலேயே உழவனுக்கு இலக்குக் களத்தில் ஒருநாட் பயிற்சி அளிப்பதும், 92ஆம் பிரிவை அவன் படிக்கும் மொழியில் அச்சிட்டுச் சீட்டின் பின்புறத்தில் ஒட்டுவதும் செலவு மிகுந்த காரியங்களல்ல. களத்துக்கு வேண்டியது ஒரு மண்மேடும், ஒழுக்கமுள்ள ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரும், ஆளுக்குப் பத்துத் தோட்டாவுமே.