கிளட்ச் வழுக்கல்

கிளட்ச் வழுக்கல் என்பது, கைமுறைக் கியர் கொண்ட ஊர்திகளில், கிளட்ச் மிதியிலிருந்து காலை முழுவதும் எடுத்த பின்னரும் எஞ்சினின் சுழற்சி முழுமையாகப் பற்சக்கரப்பெட்டியை (கியர் பாக்ஸ்) சென்றடையாத பழுது ஆகும். பட்டறைகளில் இது "கிளட்ச் சிலிப்" எனப்படுகிறது. "வண்டி இழுக்கவில்லை" என்ற முறையீட்டுக்கு இது ஒரு காரணமே. எல்லா வேளையிலும் இதுவே காரணம் அன்று. கிளட்ச் பிளேட்டை மாற்றப் பற்சக்கரப்பெட்டியையே இறக்க வேண்டியிருப்பதால், பழுதைச் சரியாகக் கண்டறிதல் செலவைப் பெரிதும் குறைக்கும். இங்கு கூறப்படுபவை, 1983 முதல் 2014 வரை இந்தியாவில் தயாரிக்கப்பட்ட மாருதி 800 போன்ற, கேபிளால் இயங்கும் கிளட்ச் கொண்ட கார்களுக்குப் பெரிதும் பொருந்தும்.

வழுக்கும் விதம்

எஞ்சினுடன் சுழலும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே கிளட்ச் பிளேட் அழுத்திப் பிடிக்கப்பட்டுள்ளது. பிரஷர் பிளேட்டின் வில் தரும் அழுத்தமும், பிளேட்டின் இருபுறமும் உள்ள உராய்வுப் பட்டைகளின் உராய்வுமே முறுக்குவிசையைக் கடத்துகின்றன. எஞ்சின் தரக்கூடிய பெரும முறுக்குவிசையைவிடச் சற்று மிகுதியாகத் தாங்கும்படியே கிளட்ச் வடிவமைக்கப்படுகிறது. பட்டை தேயும்போதோ அழுத்தம் குறையும்போதோ முதலில் இந்த மிகுதியே கரைகிறது. அதுவரை ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. எனவே கார் முதல் கியரில் நன்றாகப் புறப்படுகிறது என்பதை மட்டும் வைத்துக் கிளட்ச் நலமாக உள்ளது என்று கூற இயலாது.

அறிகுறிகள்

வழுக்கல் முதலில் வெளிப்படுவது உயர் கியரில், மேட்டில் ஏறும்போது அல்லது முந்திச் செல்ல ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஆகும். தாழ் கியரில் எஞ்சின் விரைந்து வேகம் கூடுவதால், அதன் விசையில் ஒரு பகுதி எஞ்சினின் சொந்தச் சுழல் பாகங்களை முடுக்கவே செலவாகிறது. உயர் கியரில் எஞ்சினின் வேகம் மெல்லவே கூடுகிறது. ஆகவே ஏறத்தாழ முழு முறுக்குவிசையும் கிளட்சின் மேல் நெடுநேரம் விழுகிறது. அப்போது எஞ்சினின் இரைச்சல் சட்டென உயரும். வேகமானியின் முள் அதற்கேற்ப உயராது. பழைய கார்கள் பலவற்றில் எஞ்சின் சுழற்சிமானி இல்லாததால் காதையே நம்ப வேண்டும். வழுக்கல் முற்றிய நிலையில் பட்டை கருகும் நாற்றமும் எழும். முந்திச் செல்லும் நடுவில் இழுவை குறைவது விபத்துக்கு வழிவகுக்கும் என்பதால் இவ்வறிகுறியைப் புறக்கணித்தல் கூடாது.

பிற பழுதுகளிலிருந்து வேறுபாடு

எரிபொருள் வடிகட்டி அடைபட்டாலோ தீப்பொறி அமைப்பில் குறை இருந்தாலோ கார் இழுக்காது. ஆனால் அப்போது எஞ்சின் வேகமும் உயராது. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் அவ்வாறே. ஈரச் சாலையில் சக்கரம் சுழன்று வழுக்கினால் எஞ்சின் இரைச்சல் உயரும். எனினும் பழைய கார்களின் வேகமானி பற்சக்கரப்பெட்டியிலிருந்து இயக்கம் பெறுவதால் முள்ளும் உடன் உயரும். கிளட்ச் வழுக்கலில் மட்டுமே இரைச்சலும் முள்ளும் பிரிகின்றன. கியர் மாற்றும்போது பற்கள் உரசிக் கரகரத்தல் இதற்கு நேர்மாறான பழுது. அது கிளட்ச் முழுமையாக விடுபடாததைக் காட்டுகிறது.

சோதனை

சமதளமான திறந்த இடத்தில், முன்னும் பின்னும் ஆள் இல்லாதபடி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்த வேண்டும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மூன்றாம் அல்லது நான்காம் கியரில் கிளட்ச் மிதியைச் சீராக விடவேண்டும். எஞ்சின் உடனே நின்றுவிட்டால் கிளட்ச் பற்றுகிறது. தொடர்ந்து ஓடினால் வழுக்குகிறது. எஞ்சின் நிற்காமல் கார் நகர்ந்தால் அது பிரேக்கின் தளர்ச்சியே தவிர கிளட்சின் குறை அன்று. இச்சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பட்டையும் கருகும். மேலும், குறைந்த வேகத்தில் எஞ்சின் தரும் விசை சிறிது. ஆதலால் இதில் தேறிய கிளட்சும் சாலையில் வழுக்கக்கூடும். மேட்டில் உயர் கியரில் ஓட்டிப் பார்ப்பதே முடிவான சோதனை.

காரணத்தை அறிதல்

பெட்டியை இறக்கும் முன் பார்க்க வேண்டியது கேபிளின் தளர்வு (ஃபிரீ பிளே) ஆகும். மிதியைக் கையால் அழுத்தினால் எதிர்ப்பு தோன்றும் முன் சிறிது தூரம் வெறுமனே அசைய வேண்டும். அளவு காருக்குக் கார் மாறும். தயாரிப்பாளரின் கையேட்டில் அது தரப்பட்டிருக்கும். பட்டை தேயத் தேய, பிரஷர் பிளேட் பிளைவீலை நோக்கி நகர்கிறது. அதன் வில்லின் விரல்கள் எதிர்ப்புறமாக, ரிலீஸ் பேரிங்கை நோக்கி வருகின்றன. இவ்வாறு தேய்மானமே தளர்வை விழுங்கிவிடுகிறது. தளர்வு அற்றுப்போனால், மிதியில் கால் வைக்காதபோதும் பேரிங் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும், பிடிப்பு குறையும். மிதியை ஏறக்குறைய முழுதும் விட்ட பிறகே கார் நகரத் தொடங்குவது இதன் அடையாளம். கேபிளின் முனையிலுள்ள நட்டைத் தளர்த்திச் சரிசெய்து மீண்டும் சோதித்தால், சிலவேளை பழுது அத்துடன் தீரும். சரிசெய்த பின்னரும் வழுக்கினால் பட்டை தேய்ந்தோ கருகியோ விட்டது எனக் கொள்ளலாம். திரவத்தால் இயங்கும் கிளட்சுகள் பலவற்றில் தேய்மானம் தானே ஈடுசெய்யப்படுவதால் மிதியின் உயரம் நம்பத்தக்க சான்று ஆகாது.

மற்றொரு காரணம் எண்ணெய்க் கசிவு. எஞ்சினின் பின்புற ஆயில் சீல் அல்லது பற்சக்கரப்பெட்டியின் முன்புற ஆயில் சீல் பழுதானால் எண்ணெய் பட்டையில் படியும். அப்போது வழுக்கலுடன், புறப்படும்போது நடுக்கமும் தோன்றுவதுண்டு. கிளட்ச் உறையின் அடியில் ஈரம் இருந்தால் அதை முகர்ந்து பார்க்கலாம்: கியர் எண்ணெய்க்குக் கந்தகம் கலந்த கடும் நெடி உண்டு. சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றுவது வீண். புதிய பட்டையும் விரைவில் நனையும்.

மிதியின் மேல் எந்நேரமும் காலை வைத்து ஓட்டுவதும், மேட்டில் பிரேக்குக்குப் பதிலாகக் கிளட்சால் காரை நிறுத்திப் பிடிப்பதும் பட்டையைச் சூடாக்கித் தேய்க்கின்றன. மிகு சூட்டால் வில் வலுவிழக்கும். பிளைவீலில் நீலத் திட்டுகளும் நுண்வெடிப்புகளும் காணப்படும். பட்டை ஆணித்தலைவரை தேய்ந்தால் ஆணிகள் பிளைவீலைக் கீறிவிடும்.

தூசு பற்றிய எச்சரிக்கை

பழைய கிளட்ச் பட்டைகள் பலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் இது தடைசெய்யப்பட்டுள்ளது. கல்நார்த் தூசு நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்கும். எனவே கழற்றிய கிளட்சின் உட்புறத்தைக் காற்றழுத்தத்தால் ஊதுதல் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.