குடக்கூலியும் கணக்கு நோட்டும்

வாடகை என்று இன்று நாம் வழங்கும் தொகைக்கு நம் பாட்டன்மார் காலத்தில் குடக்கூலி என்று பெயர். குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி என்னும் பொருளுடைய அச்சொல், வீடு என்பது பிறரிடமிருந்து மாதக் கணக்கில் பெற்று அனுபவிக்கும் வஸ்துவாக மாறிய சரித்திரத்தையே தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. கிராமத்து மிராசுதாருக்கு வீடு பிதிரார்ஜிதமாக வந்தது. அவருடைய பண்ணையாளோ அவர் மனையில் கூலி கொடாமல் குடியிருந்தான், ஆனால் போ என்றால் மறுநாளே போக வேண்டியவனாகவும் இருந்தான். சம்பளம் இவ்வளவு, அதில் குடக்கூலி இவ்வளவு, மிச்சத்தில் ஜீவனம் என்று தேதியை வைத்துக் கணக்குப் பார்க்கும் வாழ்க்கை இவ்விருவருக்கும் தெரியாது. உத்தியோகத்தை நாடிச் சென்னப்பட்டணம் வந்து, தாய் தகப்பன் நிழலை விட்டுத் தனிக்குடித்தனம் வைத்த மூன்றாமவனுக்கே அது விதிக்கப்பட்டது.

அந்த மூன்றாமவருள் உலகமறிந்த ஒருவர் கும்பகோணத்துக் கணித மேதை சீனிவாச ராமாநுஜன். 1912-இல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் குமாஸ்தாவாக அமர்ந்த அவருக்குக் கிடைத்த ஊதியம், அவரே கேம்பிரிட்ஜ் கணித வல்லுநர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின்படி, ஆண்டுக்கு 20 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய் என்ற அக்கால விகிதப்படி மாதம் 25 ரூபாய். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில், தாயாரோடும் இளம் மனைவியோடும் அந்தத் தொகைக்குள் அவர் சம்சாரம் நடத்தினார். 1913-இல் சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்த பின்னரே அக்குடும்பத்துக்குச் சற்று மூச்சு விட முடிந்தது. மறு ஆண்டு ஆண்டுக்கு 250 பவுண்டு உபகாரத்துடன் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது, அதிலிருந்து மாதந்தோறும் 60 ரூபாயைத் தம் பெற்றோருக்குக் கொடுத்துவிடும்படி ஏற்பாடு செய்துவிட்டே சென்றார். கணக்கிட்டுப் பார்த்தால் அது வருஷத்துக்கு 48 பவுண்டு, அதாவது மொத்த வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பிறந்த வீட்டைவிட்டு வெளியேறும் தமிழ் இளைஞன் போடும் செலவுப் பட்டியலில் முதல் வரி தன் குடக்கூலியன்று, ஊருக்கு அனுப்பும் பணமே என்ற சம்பிரதாயத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை. மாதத்தின் முதல் வாரத்தில் தபாலாபீசு வாசலில் மணியார்டர் பாரத்தோடு நின்ற பெயரறியாத ஆயிரமாயிரம் குமாஸ்தாக்களும் அதே வரியைத்தான் முதலில் எழுதினார்கள்.

அவர்கள் குடியேறிய வீடுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும், ஒரே முற்றத்தைச் சுற்றியோ நீண்ட நடையின் இருமருங்கிலுமோ, ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாகத் தடுத்துப் பல குடும்பங்களுக்கு விடப்பட்ட கட்டடத்துக்கு ‘ஸ்டோர்’ என்று பெயர். அதில் வாழ்வது ஒண்டுக்குடித்தனம். கிணறு பொது, குழாய் பொது, கக்கூசு பொது, மொட்டை மாடிக் கொடிக்கயிறுகூட முறை வைத்துத்தான். ஆயினும் அந்த நெருக்கத்துக்கு ஓர் அனுகூலமும் உண்டு. புதிதாகக் குடித்தனம் வைக்க வந்த பதினாறு வயதுப் பெண், எந்தப் பால்காரன் தண்ணீர் கலப்பான், விறகுத் தொட்டியில் எந்த விறகு நின்று எரியும், மாதக் கடைசியில் எந்தச் செலவைத் தள்ளிப் போடலாம், எதைத் தள்ளக்கூடாது என்பனவற்றையெல்லாம் அடுத்த அறை மாமியிடமே கற்றுக்கொண்டாள். குடும்பப் பொருளாதாரம் என்னும் சாஸ்திரத்துக்கு அந்த நடைதான் பள்ளிக்கூடம்.

அவள் எழுதிய கணக்கு நோட்டு எளிய காரியமன்று. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. கீரைக்காரிக்குத் தினம் அரையணா என்றால் 30 நாளைக்கு 15 அணா. பாலுக்குத் தினம் ஓரணா ஏறினால் மாதக் கடைசியில் 1 ரூபாய் 14 அணா துண்டு விழும். இதை மனக்கணக்காகவே போட்டவர்கள் நம் தாய்மார். 1957 ஏப்ரல் முதல் தேதி ரூபாய் 100 நயா பைசாவாக வகுக்கப்பட்டபோது, நாலணா சரியாக 25 பைசாவாயிற்று. ஓரணாவோ ஆறேகால் பைசா. காலே இல்லாத நாணயத்தில் அந்தக் காலை யார் இழப்பது, வாங்குபவளா விற்பவனா என்பது கறிகாய்க் கடைகளில் ஒரு சச்சரவாகவே நடந்தது.

நோட்டில் துண்டு விழுந்தபோது தாங்கிப் பிடித்த ஸ்தாபனங்களை நன்றியோடு நினைக்க வேண்டியது நம் கடமை. 1872-இல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டும், அதைப்போன்ற பிற சாசுவத நிதிகளும், மாதாமாதம் சிறு தொகை கட்டிவந்த அங்கத்தினனுக்கு அவசரத்தில் கடன் கொடுத்தன. 1904-இல் ஏற்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், மளிகைச் சாமான்களைச் சரியான நிறையில் நியாயமான விலைக்கு அளித்தது. இவற்றின் அருமை 1906-இல் எல்லோருக்கும் புலப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, வெள்ளைக்காரன் பேங்கு என்ற நம்பிக்கையில் அங்கே பணம் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு மண்ணாயிற்று. அந்த வீழ்ச்சியின் விளைவாகவே மறு ஆண்டு இந்தியன் பேங்கு பிறந்தது.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்குமிடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், குடக்கூலிக் கணக்கில் சீசன் டிக்கெட் என்ற புதிய வரி சேர்ந்தது: நகரத்தில் கூடுதல் வாடகையா, தொலைவில் குறைந்த வாடகையும் ரயில் செலவுமா என்ற யோசனை அன்றே ஆரம்பித்துவிட்டது. பிறகு யுத்தம் வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்ற பீதியில் பட்டணமே காலியாக, தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. அபாயம் நீங்கிச் சனங்கள் திரும்பியபோதோ, அதே வீடுகளுக்குப் போட்டியும் நெருக்கடியும் மிகுந்தன.

வீட்டு நெருக்கடியைக் கட்டுப்படுத்த வந்த சட்டங்களின் வரலாறே என் மனத்தை அதிகமாக உறுத்துவது. 1941-இல் யுத்தகால உத்தரவாகத் தோன்றி, 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் சட்டமாக வளர்ந்த வாடகைக் கட்டுப்பாடு, நியாய வாடகை என்ற ஒரு கோட்பாட்டை நிலைநாட்டியது. வீட்டுக்காரர் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றும் அது திட்டமாகக் கூறியது. நடப்பில் என்ன ஆயிற்று? வாடகையை உயர்த்த முடியாத சொந்தக்காரர்கள் வீட்டைப் பழுது பார்ப்பதை விட்டார்கள். குடிவருபவர்களோ ரசீது இல்லாத முன்பணத்துக்குப் பழகினார்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அத்தொகையை முழுதும் திரும்பப் பெறும் போகியம் என்ற பழைய முறையில் ஒரு நேர்மையாவது இருந்தது. போகியத்தின் பாரத்தையும் வாடகையின் பாரத்தையும் ஒருங்கே சுமத்தியது இந்தப் புதிய வழக்கம். பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் எழுதாச் சட்டமாகவே ஆகிவிட்டது. மாதம் 10,000 ரூபாய் வாடகை கொடுக்கச் சக்தியுள்ள இளைஞன், அந்த வீட்டுக்குள் பால் காய்ச்சுவதற்கு முன்பே ஒரு லட்சம் ரூபாயைத் திரட்ட வேண்டியிருக்கிறது. அதற்காகத் தாயின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. இது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுப் புதிய வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையையே முன்பணத்துக்கு எல்லையாக வைக்கிறது; ஆனால் இருதரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி, என்ற ஒரு விலக்கையும் உடன் வைக்கிறது. அந்த விலக்கின் வழியாகவே பழைய வழக்கம் இன்றும் உயிர் வாழ்கிறது. மின்சாரத்திலும் இப்படியே: வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாயிருந்தும், உள் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விகிதமாக வசூலிக்கும் வீடுகளில் அச்சலுகை குடியிருப்பவனை எட்டுவதில்லை.

ஆகவே, இந்த மாதம் பெற்றோர் வீட்டைவிட்டுத் தனிக்குடித்தனம் புறப்படும் தம்பி, தங்கையரிடம் ஒரு வேண்டுகோள். வாடகையைக் கேட்பதற்கு முன் முன்பணத்தைக் கேளுங்கள். மூன்று மாதம் என்று சட்டம் சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். யூனிட் விகிதத்தையும் தண்ணீர்ச் செலவையும் வெள்ளையடிக்கும் பிடித்தத்தையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது பெற்றுக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.