வைப்பு

தாயில்பட்டிப் பட்டாசுத் தொழிலாளர் வங்கியில் இடும் பணமும் நிதி நிறுவனத்தில் கட்டும் பணமும் பேச்சுவழக்கில் ‘டெபாசிட்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால், காப்புடையது எது, காப்பற்றது எது என்னும் வேறுபாடு மறைந்துபோகிறது. இலத்தீனில் ‘கீழே வைத்தல்’ என்னும் பொருளில் பிறந்த அச்சொல், தமிழில் தேர்தலில் ‘இழக்கப்படும்’ கட்டுத்தொகையாகவும் காதில் விழுவது ஒரு வேடிக்கை. அதற்கு ஈடான தமிழ்ச்சொல், ‘வை’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘வைப்பு’, பழந்தமிழில் இடம், ஊர், சேமித்த பொருள் எனப் பல பொருள் தந்தது. பசித்தவன் பசியைத் தீர்ப்பதே செல்வன் தன் பொருளைச் சேமிக்கும் ‘வைப்புழி’ என்று வள்ளுவர் 226ஆம் குறளில் அதனை அறத்தின்மேல் ஏற்றினார். காப்பும் ஈடும் சேர்ந்த ‘காப்பீடு’ என்னும் சொல் இந்த ‘வைப்பு’டன் இணைந்ததே ‘வைப்புக் காப்பீடு’, அதாவது வங்கி முறிந்தால் சேமித்தவருக்கு ஈடு தரும் ஏற்பாடு. 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்தபின், 1962இல் ரூ.1,500 வரம்புடன் தொடங்கிய இவ்வேற்பாடு, 2020 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியுமாக ரூ.5 லட்சம் வரை காக்கிறது. ‘ஈடு’ என்பதற்குச் சமமதிப்பு என்றும் பொருளுண்டாகையால், அவ்வரம்புக்கு உட்பட்ட சிறுசேமிப்பாளருக்கே இச்சொல் முழுமையாகப் பொருந்தும். நிதி நிறுவனங்களில் கட்டிய பணம் இக்காப்பீட்டுக்குள் வராது.