பள்ளியை விட்டு நழுவும் பிள்ளைகள்: முன்கூட்டியே அறிவோம், கைகொடுப்போம்

நீதிபதி ராஜேந்திர சச்சார் குழுவின் அறிக்கை 2006 நவம்பரில் வெளியானது. 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது இடையில் நின்றவர் என்று அது சொன்னது. அது நாடு முழுவதற்குமான கணக்கு. தமிழகத்தில் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்காத குடும்பம் இன்று அரிது. நம் கவலை அதற்குப் பிந்தைய வகுப்புகளில் இருக்கிறது. ஒன்பதிலும் பத்திலும், பத்து முடிந்த கோடை விடுமுறையிலும்தான் நம் பிள்ளைகள் சத்தமில்லாமல் நழுவுகிறார்கள்.

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் உள்ள கருங்குழி போன்ற ஊர்களை எடுத்துக்கொள்வோம். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஊரை ஒட்டியே போகின்றன. சாலையோர ஓட்டல், மெக்கானிக் கடை, மறைமலை நகர்ப் பக்கம் தொழிற்சாலை, சென்னையில் உறவினர் கடை என்று 15 வயதுப் பையனைக் கூப்பிட ஆயிரம் இடம் உண்டு. மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் போனால் மீன்பிடியும் விடுதி வேலையும் கூப்பிடுகின்றன. கையில் கிடைக்கும் முதல் சம்பளம் வீட்டுக்குப் பெரிய ஆறுதலாகத் தெரியும். அந்தப் பையன் 30 வயதிலும் அதே சம்பளத்தில் நிற்கும்போதுதான் விட்டது என்ன என்று புரியும்.

எந்த அறிகுறிகளைப் பார்க்க வேண்டும்?

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ராபர்ட் பால்ஃபான்ஸும் குழுவினரும் பிலடெல்பியா நகரப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பின்னாளில் படிப்பை முடிக்காமல் போனவர்களில் பலரை ஆறாம் வகுப்பிலேயே அடையாளம் காண முடிந்தது. அவர்கள் பார்த்தவை மூன்று: வருகை, நடத்தை, பாடத்தில் தேர்ச்சி. நம் வீட்டுக்கும் இவை பொருந்தும்.

வருகை: கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டில் குறைந்தது 220 வேலை நாட்கள் என்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு 22 நாள், அதாவது மாதத்துக்கு இரண்டு நாள்தான். கல்யாணம், ஊர்ப் பயணம், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று போடும் சின்னச் சின்ன விடுப்பே அந்த அளவை எட்டிவிடும். திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி என்றால் காரணம் வயிற்றில் இல்லை.

நடத்தை: நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஒதுங்குவது, பள்ளி நண்பர்களை விட்டு வேலைக்குப் போகும் பையன்களோடு சுற்றுவது, பள்ளியில் நடந்ததைக் கேட்டால் எரிந்து விழுவது.

பாடம்: தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் பெயிலாக்கி நிறுத்துவதில்லை. அதனால் ஐந்தாம் வகுப்பில் சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளையும் ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிடும். அங்கேதான் முதல் அடி விழும். மதிப்பெண் அட்டையை நம்பி இருக்க வேண்டாம். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு வகுத்தல் கணக்கைப் போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இவற்றோடு வீட்டு நிலையையும் பார்க்க வேண்டும். தந்தை இறந்தது அல்லது நோயில் விழுந்தது, கடன், பெற்றோர் பிரிவு, வாடகை வீடு மாறுவது ஆகியவை பிள்ளையின் படிப்பைத்தான் முதலில் தொடும்.

முதல் பேச்சு எப்படி இருக்க வேண்டும்?

"ஏன் பள்ளிக்குப் போகவில்லை?" என்று அதட்டினால் பதில் வராது. பிள்ளையின் தாயிடம், "அக்கா, தம்பி ரெண்டு நாளா பள்ளிக்கூடம் வரலையாமே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். பணமா, பாடம் புரியாததா, யாராவது அடிப்பதோ கேலி செய்வதோ உண்டா, பெண் பிள்ளைக்குப் பாதையில் பயமா, கழிப்பறை வசதியா என்று காரணத்தைப் பிரித்தறிய வேண்டும். பாடம் புரியாத பிள்ளைக்குப் பணம் கொடுத்துப் பயனில்லை; கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு அறிவுரையால் பயனில்லை.

காரணத்துக்கு ஏற்ற உதவி

கட்டண பாக்கி: தனியார் பள்ளியில் பாக்கி இருப்பதால் மாற்றுச் சான்றிதழ் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. கட்டண பாக்கியைச் சான்றிதழில் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. பெற்றோர் தயங்காமல் அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரை அணுகலாம்.

இடையில் நின்றவர்: 6 முதல் 14 வயதுப் பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்து, விடுபட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு. பெரிய பையனைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைப்பார்களோ என்ற வெட்கம் வேண்டியதில்லை.

பத்தில் தவறியவர்: முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது. அந்த நாட்களில் ஒரு பாடத்துக்கு ஓர் ஆளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாலே ஓராண்டு வீணாகாது. அதையும் தாண்டியவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியும், ஐ.டி.ஐ. தொழிற்பயிற்சியும் இருக்கின்றன.

பெற்றோரை இழந்தவர்: 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்ட அன்புக் கரங்கள் திட்டம், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2000 ரூபாய் வழங்குவது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம்.

பெண் பிள்ளைகள்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்துக் கல்லூரி சேர்ந்தவருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. பள்ளியை மாற்றும் முன் இந்த நிபந்தனையை நினைவில் வையுங்கள். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம். வரன் பேச்சு வீட்டில் எழுந்தாலே பெண்ணின் மனம் படிப்பை விட்டுப் போய்விடும் என்பதையும் பெரியவர்கள் உணர வேண்டும்.

சான்றிதழ்: பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2007 முதல் உள்ளது. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் பத்தாம் வகுப்பிலேயே கையில் இருக்கட்டும். தந்தை கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலோ, உலமாக்கள் நல வாரியத்திலோ உறுப்பினர் என்றால் அங்கும் கல்வி உதவி உண்டு.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

மஹல்லாவில் 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெயர், வகுப்பு, பள்ளி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். கருங்குழி அளவுள்ள ஊருக்கு இது பெரிய வேலை அல்ல. ஐந்து, எட்டு, பத்து முடித்தவர்கள் அடுத்த வகுப்பில் சேர்ந்தார்களா என்று ஜூன் மாதத்தில் சரிபார்த்தால், பள்ளி மாறும் இடத்தில் விடுபடுபவர் யார் என்று தெரிந்துவிடும்.

மக்தப் உஸ்தாத் பல பள்ளிப் பிள்ளைகளையும் தினமும் பார்ப்பவர். "இன்று பள்ளிக்குப் போனாயா?" என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி பெரிய காவல். பைத்துல்மாலில் இருந்து வரும் உதவி, பள்ளி திறக்கும் முன்பே போய்ச் சேர வேண்டும். பிள்ளையின் பெயரை மைக்கில் சொல்லி உதவுவது அந்தப் பிள்ளையைக் கூச வைத்து மீண்டும் வீட்டுக்கே அனுப்பிவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் தாய்மார்கள் அதில் சேர்ந்தால் வருகைப் பதிவேட்டைப் பற்றி உரிமையோடு கேட்கலாம்.

பிள்ளை வேலைக்கு அனுப்பப்படுவதோ, துன்புறுத்தப்படுவதோ தெரிந்தால் 1098 என்ற எண்ணை அழைக்கலாம். கல்வி தொடர்பான ஐயங்களுக்குத் தமிழக அரசின் எண் 14417.

இந்த வாரமே நம் தெருவில் ஒரு பிள்ளையைப் பற்றி விசாரிப்போம். மூன்று நாள் வராத பிள்ளையை அழைத்து வருவது எளிது. மூன்று மாதம் வராத பிள்ளையை அழைத்து வருவது மிகக் கடினம்.