வீட்டுக்குள் வந்த இரும்புத் தண்டு

இன்று உலகெங்கும் எத்தனையோ வீடுகளில், வாகனம் நிறுத்தும் கொட்டகையிலோ நிலக்கீழ் அறையிலோ கட்டிலின் அடியிலோ, ஓர் இரும்புத் தண்டும் சில வட்டத் தகடுகளும் கிடக்கின்றன. சிலர் அதை நாள்தோறும் தூக்குகின்றனர். சிலர் வாங்கிய மாதத்துடன் மறந்துவிடுகின்றனர். மிக எளியதாகத் தோன்றும் இந்தச் சாதனம் சாதாரண மனிதனின் வீட்டுக்குள் வருவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன. இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்ததால் ஏற்பட்ட தாமதம் அல்ல அது. பலம் என்பது பிறவிப் பேறு, அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்ற நம்பிக்கைதான் வழியை அடைத்து நின்றது.

இந்தக் கதையை ஒரு பத்திரிகையாளரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். லண்டனில் ஜோசப் அடிசனும் ரிச்சர்ட் ஸ்டீலும் நடத்திய 'ஸ்பெக்டேட்டர்' இதழில், 1711ஆம் ஆண்டு யூலை மாதத்தில், உடலுழைப்பின் நன்மைகள் குறித்து அடிசன் ஒரு கட்டுரை எழுதினார். அதில் பேசுபவர், தமது அறையின் மூலையில் வைத்திருந்த ஒரு சாதனத்தில் காலைதோறும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்வதாகவும், வீட்டுக்கார அம்மையாரும் அவருடைய புதல்வியரும் அவ்வேளையில் தம்மைத் தொந்தரவு செய்வதில்லை என்றும் கூறுகிறார். அந்தச் சாதனத்தின் பெயர் 'டம்பெல்'. ஊமை மணி என்பது அதன் பொருள். தேவாலயத்தின் பெருமணியைக் கயிற்றால் இழுத்து அடிப்பது தோளுக்கும் முதுகுக்கும் நல்ல பயிற்சி. ஓசை எழாமல் அதே உழைப்பைத் தரும் சாதனத்துக்கு ஊமை மணி என்று பெயர் வந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். அதே கட்டுரையில், இரு முனைகளிலும் ஈயம் பதித்த இரு குறுந்தடிகளைக் கைகளில் பிடித்து வீசி, தன் நிழலுடன் தானே பொருதும் பயிற்சியையும் அடிசன் விவரிக்கிறார். தண்டின் இரு முனைகளிலும் பாரம் என்ற எண்ணம் அங்கேயே இருக்கிறது. ஆனால் அது ஓய்வும் கல்வியும் வாய்த்த கனவானின் பொழுதுபோக்காகவே இருந்தது.

அடுத்த நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து ஒரு சாதனம் மேற்கே பயணமாயிற்று. நமது மல்லர்கள் சுழற்றிய கர்லாக்கட்டையைக் கண்ட பிரித்தானியப் படையதிகாரிகள் அதைத் தமது படைவீரருக்கான பயிற்சியாக்கினர். டொனால்ட் வோக்கர் என்பவர் 1834இல் வெளியிட்ட உடற்பயிற்சி நூல் அதை ஆங்கிலேயக் குடும்பங்களிடையே பரப்பியது. 1866இல் அமெரிக்காவில் சிம் கீஹோ அதற்கெனத் தனி நூலே எழுதினார். மேற்கு நாட்டவர் இன்றும் அதை 'இந்தியன் கிளப்' என்றே அழைக்கின்றனர்.

ஆயினும் கர்லாக்கட்டைக்கு ஒரு குறை உண்டு. அதன் நிறை மாறாது. தமிழகத்துக் கிராமங்களின் இளவட்டக்கல்லும் அப்படித்தான். காளையர் அதைத் தூக்கித் தோளுக்கு மேலாகப் பின்னே போடவேண்டும். முடிந்தவன் வீரன், முடியாதவன் தலைகுனிந்து திரும்ப வேண்டியவன். அந்தக் கல் பரீட்சை வைக்கும். பாடம் சொல்லித் தராது. இன்று தூக்க முடியாதவன் நாளை தூக்குவதற்கு என்ன செய்யவேண்டும் என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

அமெரிக்காவில் அந்த விடையைத் தேடியவர்களுள் முக்கியமானவர் பொஸ்டன் நகரத்து வைத்தியர் ஜோர்ஜ் பார்க்கர் வின்ஷிப். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற இவர் உயரத்தில் சிறியவர். பலமே ஆரோக்கியம் என்று ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றினார். தோளில் பூட்டிய வார்களின் துணையுடன் இரண்டாயிரம் இறாத்தலுக்கு மேற்பட்ட பாரத்தை நிலத்திலிருந்து உயர்த்திக் காட்டினார். ஆனால் 1876இல், தமது 42ஆவது வயதில், அவர் திடீரென இறந்துபோனார். பாரம் தூக்கினால் ஆயுள் குறையும் என்ற அச்சத்துக்கு அந்த ஒரு மரணம் போதுமாயிற்று. மறுபுறத்தில் டயோ லூயிஸ் என்பவர் மரக் கோல்களையும் பயறு நிரப்பிய பைகளையும் கொண்டு இலேசான பயிற்சிகளைப் பாடசாலைகளில் பரப்பிவந்தார். அமெரிக்கர் அவர் பக்கமே சாய்ந்தனர். கனமான பாரம் களியாட்ட அரங்கின் பலசாலிகளுக்கு மட்டுமே உரியதாயிற்று.

அந்தப் பலசாலிகளுள் தலையாயவர் இயூஜின் சாண்டோ. 1867இல் அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பேர்க் நகரில் பிறந்தவர். 1904-05இல் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அவருடைய பெயர் தமிழில் ஒரு பட்டமாகவே நிலைத்துவிட்டது. திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரை அறியாத தமிழர் யார்? தமிழகத்தில் கையில்லாத உள்ளாடைக்கும் சாண்டோ பனியன் என்றே பெயர். ஆனால் சாண்டோவின் வாழ்வில் ஒரு முரண்பாடு இருந்தது. மேடையில் அவர் தூக்கியவை மலைக்கவைக்கும் பாரங்கள். மக்களுக்கு அவர் விற்றவையோ சில இறாத்தல் நிறை கொண்ட, வில்கள் பொருத்திய சிறு டம்பெல்கள். அவற்றை வாங்கிய இளைஞர் ஆயிரக்கணக்கானோர். சாண்டோவாக மாறியவர் எவரும் இல்லை.

1893இல் சிக்காகோ நகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்ற காலத்தில் சாண்டோ அங்கு மேடையேறினார். அவரைப் பார்த்து வியந்தவர்களுள் அலன் கல்வேர்ட் என்ற இளைஞரும் ஒருவர். 1875இல் பிறந்தவர், பிலடெல்பியா நகரத்தவர். சாண்டோ போன்றோர் இலேசான டம்பெல்களால் அந்த உடலைப் பெறவில்லை, கனமான பாரங்களாலேயே பெற்றனர் என்பதை அவர் விளங்கிக்கொண்டார். ஆனால் அத்தகைய பாரங்கள் அமெரிக்கக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கவில்லை. பலசாலிகள் தத்தமக்குத் தனியே செய்வித்துக்கொண்டவை அவை. அவற்றின் நிறையும் பயிற்சி முறையும் தொழில் இரகசியம்.

1902இல் கல்வேர்ட் பிலடெல்பியாவில் மைலோ பார்பெல் கம்பனியை ஆரம்பித்தார். பெயரிலேயே அவருடைய கொள்கை இருந்தது. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த குரோட்டன் நகரத்து மல்லன் மைலோ, ஒரு கன்றை நாள்தோறும் தூக்கிவந்தானாம். கன்று வளர வளர அவனுடைய பலமும் வளர்ந்தது. இறுதியில் காளையையே தூக்கினான் என்பது பழங்கதை. கல்வேர்ட் அந்தக் கன்றை இரும்பில் வார்த்தார் எனலாம். அவருடைய ஆரம்பகாலத் தண்டின் முனைகளில் உள்ளே வெற்றிடம் கொண்ட உருண்டைகள் இருந்தன. அவற்றினுள் ஈயக் குண்டுகளை இட்டும் எடுத்தும் நிறையைக் கூட்டலாம், குறைக்கலாம். பின்னர் வட்டத் தகடுகள் வந்தன. நிறை மாற்றும் சாதனங்களை அவருக்கு முன்பும் சிலர் முயன்றிருந்தனர். அதைப் பெருமளவில் செய்து, புகையிரதத்தில் ஏற்றி, தொலைதூர ஊர்களில் இருந்த எழுதுவினைஞருக்கும் விவசாயிக்கும் பாடக் குறிப்புகளுடன் அனுப்பிவைத்ததே கல்வேர்ட் செய்த காரியம்.

அந்தப் பாடம் மிகச் சுருக்கமானது. ஒரு பயிற்சியை ஐந்து தடவை செய்யும் அளவுக்குப் பாரத்தை வைத்துக்கொள். சில நாள்களுக்கு ஒருமுறை ஒரு தடவையைக் கூட்டு. பத்தை எட்டியதும் தண்டில் ஐந்து இறாத்தலைச் சேர்த்து மீண்டும் ஐந்திலிருந்து தொடங்கு. இவ்வளவுதான். தசை தன்னிடம் கேட்கப்படும் உழைப்புக்கு ஏற்ப வளரும். ஒரே அளவையே கேட்டுக்கொண்டிருந்தால் அது அங்கேயே நின்றுவிடும். திடீரெனப் பெரிதாகக் கேட்டால் காயப்படும். சிறிது சிறிதாகக் கேட்டால் கொடுத்துக்கொண்டே இருக்கும். இளவட்டக்கல்லால் சொல்ல முடியாத விடை இதுவே. 1914இல் கல்வேர்ட் 'ஸ்ட்ரெங்த்' என்ற சஞ்சிகையையும் ஆரம்பித்தார். 1919இல் கம்பனியை விற்றார். பெனிசில்வேனியா மாநிலத்தின் யோர்க் நகரில் எண்ணெய் அடுப்புக் கருவிகள் செய்துவந்த பொப் ஹொப்மன் 1935இல் அதை வாங்கினார். யோர்க் என்ற பெயர் பொறித்த தகடுகள் அதன்பின் உலகெங்கும் பரவின.

மேற்கே சென்ற கர்லாக்கட்டைக்குப் பதிலாக இரும்புத் தண்டு கிழக்கே வந்தது. பெங்களூரில் கே. வி. ஐயர் தமது ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடத்தில் அதைச் சூரிய நமஸ்காரத்துடனும் ஆசனங்களுடனும் இணைத்தார். மைசூர் மகாராஜாவின் ஆதரவு அவருக்கு இருந்தது. தபால் மூலமும் பாடம் நடத்தினார். இந்த மல்லர், கன்னடத்தில் 'சாந்தலா' போன்ற நாவல்களையும் எழுதியவர் என்பது குறிப்பிடத்தக்கது. பலசாலிக்கு மூளை மந்தம் என்ற பழிச்சொல்லுக்கு அவரே பதிலாக இருந்தார்.

இந்தத் தண்டு எத்தகைய மனிதருக்கு உதவியது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1942இல் அமெரிக்க அரசு, யப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 120,000 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றி முகாம்களில் அடைத்தது. அவர்களுள் பெரும்பாலானோர் அமெரிக்கப் பிரசைகள். கலிபோர்னியாவின் சக்ரமென்ரோ நகரிலிருந்து டூலி லேக் முகாமுக்குக் குடும்பத்துடன் கொண்டுசெல்லப்பட்ட ரொமி கோனோவுக்கு அப்போது 12 வயது. ஆஸ்துமாவால் வாடிய மெலிந்த சிறுவன். முட்கம்பி வேலிக்குள் வாழ்வது என்றால் என்ன என்பதை நம்மவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அங்கே அயலில் இருந்த இளைஞர்கள் அவனுக்குப் பாரம் தூக்கும் பயிற்சியை அறிமுகம் செய்தனர். பத்து ஆண்டுகள் கழித்து, 1952இல், தன்னை அடைத்துவைத்த அதே நாட்டுக்காக அவன் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றான். 1956இல் மெல்போர்னில் மீண்டும் தங்கம். 1960இல் ரோமில் வெள்ளி. சலுகைகள் எல்லாவற்றையும் இழந்தவனுக்கும் இந்தக் கல்வி எட்டியது.

வைத்திய உலகின் தயக்கத்தை உடைத்தது இரண்டாம் உலகப் போர். காயமுற்ற படைவீரர்களால் வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் அவர்கள் மாதக் கணக்கில் படுத்திருந்தனர். சிக்காகோவில் பணியாற்றிய இராணுவ வைத்தியர் தோமஸ் டிலோர்ம், இளமையில் வாதக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டு, பாரம் தூக்கியே உடலைத் தேற்றிக்கொண்டவர். அதே முறையை அவர் படைவீரர்களுக்குக் கையாண்டார். பத்துத் தடவை மட்டுமே உயர்த்தக்கூடிய பாரத்தைக் கண்டறிந்து அதை அடிப்படையாக வைத்துக்கொண்டார். தசை தேறத் தேறப் பாரத்தைக் கூட்டினார். 1945இல் அதன் பலன்களை வைத்தியச் சஞ்சிகையில் வெளியிட்டார். வின்ஷிப்பின் மரணம் விதைத்த அச்சத்துக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின் கிடைத்த மறுமொழி அது.

1990இல் இன்னொரு கதவும் திறந்தது. பொஸ்டனில் முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றில், சராசரி வயது 90 ஆன பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால்களுக்குப் பாரப் பயிற்சி அளித்தனர். பயிற்சியைப் பூர்த்தி செய்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 வீதம் அதிகரித்தது. வளர்ந்தோர் அனைவரும், முதியோர் உட்பட, வாரத்தில் இரு நாள்களேனும் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. குளிர்தேசத்து அடுக்குமாடியில் கதிரையை விட்டு எழக் கைத்தாங்கல் தேடும் நமது தாய் தந்தையருக்கும் இது பொருந்தும். வைத்தியரின் ஆலோசனையுடன், அவர்கள் தூக்கக்கூடிய மிகச் சிறிய பாரத்திலிருந்து தொடங்கலாம்.

பலத்தின் இரகசியம் என்று விற்பவர்கள் இன்றும் குறையவில்லை. சாண்டோவின் வில் டம்பெல்லுக்குப் பதிலாக மாவும் மாத்திரையும் வந்திருக்கின்றன. தண்டுடன் வாங்கும் தகடுகளுள் மிகச் சிறியது பெரும்பாலும் 1.25 கிலோ இருக்கும். இளைஞர் பலர் அதைக் கேலியாகப் பார்த்து ஒதுக்கி வைப்பதுண்டு. கல்வேர்ட் தபாலில் அனுப்பிய பாடம் முழுவதும் அந்தச் சிறு தகட்டில்தான் அடங்கியிருக்கிறது.