பிரெட்ரிக் கோட்டை மதில், திருகோணமலை

இலங்கையின் கிழக்குக் கரையில், கோணமலைக் குன்றுக்குச் செல்லும் ஒடுங்கிய நிலத்தை அடைத்து நிற்கும் பிரெட்ரிக் கோட்டையின் மதில், அக்குன்றிலிருந்த கோணேச்சரக் கோயிலின் கற்களையும் சேர்த்துக் கட்டப்பட்டது. திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களின் முற்பகுதியில் இடித்தனர். அவர்களது தளபதி கொன்ஸ்டன்டைன் டி சா 1624இல் அவ்விடத்தில் கோட்டை எழுப்பினார். வெட்டிச் சீராக்கிய கல் கையருகே குவிந்து கிடக்கையில் புதிதாக உடைத்துக் கொணர எவரும் முனைவதில்லை. 1836இல் கொள்ளிடத்துக் கீழணைக்காகக் கங்கைகொண்ட சோழபுரத்துத் திருமதிலைப் பிரித்தவர்களும் இவ்வாறே செய்தனர்.

மதிலில் அகப்பட்ட துண்டுகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, கதவு நிலைக்கல்லில், அதாவது வாயிலின் பக்கத் தூணில், கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட வடமொழிக் கல்வெட்டு. சோடகங்கன் என்பவன் சக ஆண்டு 1145இல் (கி.பி. 1223) கோகர்ணத்துக்கு, அதாவது திருகோணமலைக்கு, வந்த செய்தியைக் கூறும் இது, சிதைந்திருந்தும் ஆண்டு தெளிவாக நிற்பதால் பிறவற்றினும் உறுதியான சான்றாகிறது. மற்றொன்று, கோட்டை வாயிலில் இணைக்கயல் உருவத்துடன் காணப்படும் தமிழ்க் கல்வெட்டு. மரபுவழி மன்னனான குளக்கோட்டன் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், அழிப்பர் என முன்னுரைக்கும் பாடலாக இது மரபில் ஓதப்படுகிறது. ஆனால், கல்லில் எஞ்சிய எழுத்துகள் குறைவு. அவற்றின் அமைதியை நோக்கி இதனை 16ஆம் நூற்றாண்டினதாகக் கருதும் ஆய்வாளரும் உளர். எனவே, பறங்கியர் வருகையை முன்னரே அறிந்த தீர்க்கதரிசனம் என்பதைவிட, அவர்கள் கரையோரத்தில் கால் ஊன்றிய பின் எழுந்த அச்சத்தின் பதிவு என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. கயலுருவின் பழமை வேறு கேள்வி. கோணமலையில் பாண்டியரின் கயல் இலச்சினை பொறிக்கப்பட்டதை வீரபாண்டியனின் குடுமியான்மலைக் கல்வெட்டு குறிப்பதால், அதனை 13ஆம் நூற்றாண்டுப் படையெடுப்போடு இணைப்பாரும் உண்டு.

1639இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சிறிது காலத்தில் அதனை விட்டு நீங்கி, 1665இல் மீண்டு வந்து கட்டினர். 1795இல் அதனைப் பிடித்த பிரித்தானியர், யார்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரை 1803இல் சூட்டினர். கட்டியதையே பலமுறை திருத்தியதால், எந்தத் துண்டு எப்போது மதிலேறியது என்பதைக் கல்லின் இருப்பிடத்தை மட்டும் கொண்டு கூற இயலாது.

1950இல் மண்ணிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகளும், 1956இல் ஆர்தர் சி. கிளார்க், மைக் வில்சன் ஆகியோர் குன்றடிக் கடலில் கண்ட தூண்களும் பழைய கோயில் பற்றிய சான்றுகளைப் பெருக்கின. குன்றின் உச்சியில் மீண்டும் எழுந்த கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. அங்குச் செல்லும் வழி இன்றும் கோட்டை வாயிலூடாகவே அமைகிறது.