ஹார்வர்டின் தாளும் ஹார்லெமின் தாளும்

அமெரிக்கக் கல்லூரியில் சேரும் மாணவர் எந்தத் துறையை எடுத்தாலும் பெரும்பாலும் தப்ப முடியாத பாடம் ஒன்று முதலாண்டில் காத்திருக்கும்: கட்டுரை எழுதும் பயிற்சி. வேதியியல் படிக்க வந்தவரும் கணக்கியல் படிக்க வந்தவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரு கருத்தைப் பிடித்து அதைப் பத்தி பத்தியாக வளர்க்கக் கற்க வேண்டும். இந்தப் பாடத்தின் வரலாற்றில் இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். ஒன்று, 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் ஹார்வர்ட். மற்றது, 1970களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருக்கும் சிட்டி கல்லூரி. இரண்டிலும் ஆசிரியர்கள் குவியல் குவியலாகத் தாள் திருத்தினார்கள். முதலாண்டு மாணவர்களின் எழுத்தைக் கண்டு இரண்டு இடத்தாரும் அதிர்ந்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் பிரிகிறார்கள்.

ஹார்வர்டில் கதை சார்லஸ் எலியட்டோடு தொடங்குகிறது. 1869இல் தலைவர் பொறுப்பேற்ற அவர், கட்டாயப் பாடங்களைப் படிப்படியாக விலக்கி, மாணவர் தாமே பாடங்களைத் தேர்ந்துகொள்ள வழி செய்தார். கிரேக்கம், லத்தீன், கணிதம் எல்லாம் விருப்பப் பாடங்களாயின. ஆங்கிலக் கட்டுரை மட்டும் கட்டாயமாக நின்றது. அதற்காக 1872இல் அவர் அழைத்து வந்தது தம் கல்லூரித் தோழரான ஆடம்ஸ் ஷெர்மன் ஹில்லை. ஹில் ‘நியூயார்க் டிரிபியூன்’ நாளிதழில் பணியாற்றியவர். எழுத்தைப் பத்திரிகைக்காரரின் கண்ணால் பார்த்தவர். 1874 முதல் நுழைவுத் தேர்வில் ஒரு சிறு ஆங்கிலக் கட்டுரை சேர்ந்தது. ஷேக்ஸ்பியர், ஸ்காட், கோல்ட்ஸ்மித் ஆகியோரின் நூல்களை முன்கூட்டியே படித்து வந்து எழுத வேண்டும். எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, இலக்கணம், நடை என நான்கும் பார்க்கப்படும். 1879இல் தேர்வெழுதிய 316 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் தோற்றார்கள். சிறப்பாகத் தேறியவர்கள் 14 பேர்தான்.

இவர்கள் எல்லாம் யார் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பெரும்பாலோர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். நல்ல தனியார் பள்ளிகளில் லத்தீனும் கிரேக்கமும் படித்தவர்கள். ஆங்கிலம் அவர்களுடைய வீட்டு மொழி. அப்படிப்பட்டவர்களே தங்கள் மொழியில் ஒரு பக்கம் ஒழுங்காக எழுதத் தடுமாறினார்கள். பேசத் தெரிந்தவருக்கு எழுதவும் வந்துவிடும் என்ற நம்பிக்கை அன்றே உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. பழி பள்ளிகள் மீது போனது. 1885இல் ‘ஆங்கிலம் ஏ’ என்ற பாடம் முதலாண்டுக்கு வந்தது. 1890களில் ஹார்வர்டின் மேற்பார்வை மன்றம் அமைத்த குழு ஒன்று மாணவர்களின் தாள்களைப் பிழைகளோடு அப்படியே அச்சிட்டு வெளியிட்டது. பள்ளியில் தங்களுக்கு ஆங்கிலம் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்று முதலாண்டு மாணவர்களே எழுதிய தாள்களும் அவற்றில் இருந்தன. தொடக்கநிலை எழுத்துப் பயிற்சி கல்லூரியின் வேலை அல்ல, அதைப் பள்ளிகளே முடித்து அனுப்ப வேண்டும் என்பது குழுவின் முடிவு. ஒரு மாணவர் தம் கல்வியைப் பற்றிச் சொல்லும் வாக்குமூலம் அவருடைய பின்தங்கலுக்கான சான்றாகவும் எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த அறிக்கையில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

ஆனால் ஹார்வர்டை இத்தோடு தள்ளிவிடுவது அநீதி. அங்கே பேரட் வென்டல் என்ற ஆசிரியர் இருந்தார். மேல்வகுப்பு மாணவர்களுக்கான ‘ஆங்கிலம் 12’ பாடத்தில் அவர் தினக்கட்டுரை வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம். அன்றைக்குக் கண்டதில், கேட்டதில் ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதலாம். ஷேக்ஸ்பியரைச் சுருக்கிச் சொல்லத் தேவையில்லை. இந்த வழக்கம் பிறகு முதலாண்டு வகுப்புக்கும் பரவியது. இதன் அருமையை இன்றைக்குப் பருவத்துக்கு மூன்று கட்டுரை வாங்கும் கல்லூரிகள் மறந்துவிட்டன. நாள்தோறும் ஒரு பக்கம் எழுதும் இளைஞருக்கு, எழுதுவதற்கென்று கண் திறந்துகொள்ளும். தெருவில் போகும்போதே எதை எழுதலாம் என்று மனம் தேடும். பின்னாளில் கறுப்பின மக்களின் உரிமைக்குக் குரல் கொடுத்த எழுத்தாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் 1888இல் ஹார்வர்டில் சேர்ந்தபோது, கோபம் கொப்பளிக்க எழுதிய அவருடைய முதல் ஆங்கிலக் கட்டுரைக்குத் தோல்வி மதிப்பெண் கிடைத்தது. அவர் பின்வாங்காமல் வென்டலின் வகுப்பிலும் போய்ச் சேர்ந்தார். சொல்ல வேண்டிய சேதி இருக்கிறவருக்கு நடை அந்தச் சேதியை மேலும் தூரம் கொண்டுபோகும் என்று அங்கே தெரிந்துகொண்டதைப் பின்னாளில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

வென்டல் 1891இல் வெளியிட்ட நூல் ஒருமை, முதன்மை, இயைபு என்ற மூன்று நெறிகளைச் சொல், வாக்கியம், பத்தி, முழுக்கட்டுரை என எல்லா மட்டத்துக்கும் பொருத்திக் காட்டியது. எளிய நூல், நல்ல நூல். அதன் வழிவந்த பாடநூல்களில் அந்த நெறிகள் வாய்பாடாக இறுகிப்போனது வேறு கதை.

இனி ஹார்லெம். 1847இல் தொடங்கிய சிட்டி கல்லூரி ஏழை நியூயார்க்வாசிகளின் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் கற்பித்த கல்லூரி. ஆனால் 1960களில் அதில் சேர உயர்ந்த மதிப்பெண் வேண்டியிருந்தது. சுற்றிலும் வாழ்ந்த கறுப்பினப் பிள்ளைகளுக்கும் புவேர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. 1969 ஏப்ரலில் அந்த இனங்களைச் சேர்ந்த மாணவர்கள் கல்லூரியின் தென்வளாகத்தைக் கைப்பற்றினார்கள். அதன் விளைவாக, 1975இல் தொடங்குவதாக இருந்த திறந்த சேர்க்கை 1970இலேயே வந்தது. நகரில் பள்ளி இறுதி முடித்த எவருக்கும், சிட்டி கல்லூரியும் அடங்கிய நகரப் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் உறுதி. அந்த ஆண்டு பல்கலைக்கழகம் முழுவதிலும் ஏறக்குறைய 35,000 முதலாண்டு மாணவர்கள் வந்து நின்றார்கள்.

அவர்களுக்கான எழுத்துப் பயிற்சியை வழிநடத்தியவர் மினா ஷாக்னெஸி. தெற்கு டகோட்டாவின் சுரங்க ஊரான லீடில் பிறந்தவர். அட்ரியன் ரிச், ஜூன் ஜோர்டன், ஆட்ரி லார்ட், டோனி கேட் பம்பாரா ஆகிய எழுத்தாளர்களும் அதே கல்லூரியில் இந்த மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். இலக்கிய வரலாறு பெயர் சொல்லும் இத்தனை பேர் முதலாண்டுக் கட்டுரை திருத்தியது வேறெங்கும் நடந்திருக்குமா என்பது ஐயமே. முதல் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருந்ததை ஷாக்னெஸி எழுதியிருக்கிறார். எங்கே தொடங்குவது என்றே அவருக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார். அப்படிப் படித்ததன் பயனாக, 1970 முதல் 1974 வரை எழுதப்பட்ட சுமார் 4,000 தாள்களை ஆராய்ந்து 1977இல் ‘எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார்.

அந்த நூல் செய்ததை ஓர் உதாரணத்தில் காட்டலாம். ஆங்கில வினைச்சொல்லின் இறந்தகால ஈற்றொலியைப் பலரும் பேச்சில் விழுங்கிவிடுவார்கள். ‘வந்துட்டேன்’ என்று பேசி ‘வந்துவிட்டேன்’ என்று எழுதப் பழகிய நமக்கு இது எளிதில் புரியும். பேசுகிறபடி எழுதும் மாணவரின் தாளில் அந்த ஈறு இருக்காது. ஹார்வர்டின் முறையில் அது ஓரத்தில் ஒரு குறியீடு பெறும்; மாணவர் கையேட்டில் தேடித் திருத்திக்கொள்ள வேண்டும். ஷாக்னெஸி அதே தாளில் இன்னொன்றையும் பார்க்கிறார்: தேவையில்லாத இடத்தில் அந்த ஈறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் இவர் கவனமில்லாதவர் அல்லர். ஒரு விதியைக் கற்று, அதன் எல்லை தெரியாமல் நீட்டிக்கொண்டு போகிறார். எழுத்துப்பிழைக்கு அஞ்சி, மனத்தில் வந்த சரியான சொல்லை விட்டுவிட்டுத் தெரிந்த சிறு சொல்லைப் போட்டவரின் தாளையும் அவர் இப்படியே படித்தார். ஓரக் குறியீட்டுக்கு இந்த இழப்பு தெரியவே தெரியாது. அந்தச் சிறு சொல்லில் பிழை ஏதும் இல்லையே.

தாளை இப்படிப் படிப்பது எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுகிறது. ஆனாலும் குறை சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வாக்கியத்தைத் தாண்டி வாதம், அமைப்பு என்று நூல் பேசும் பகுதி, பிழைகளைப் பேசும் பகுதிகளை விடச் சிறியது. மாணவரின் கருத்து ஒருபுறம், அதைச் சொல்லும் மொழி மறுபுறம் என்று ஷாக்னெஸி பிரித்துவிட்டார் என்று எழுத்துக் கல்வி ஆய்வாளர் மின்-ஜான் லூ 1990களின் தொடக்கத்தில் வாதிட்டார். கல்லூரி மொழியைக் கற்கும்போது மாணவரின் சிந்தனையும் விசுவாசமும் சேர்ந்தே இழுபடும், அந்த இழுபறியை வகுப்பு மறைக்கக்கூடாது என்பது அவர் கருத்து. டு பாய்ஸின் முதல் கட்டுரையை நினைத்தால் இது விளங்கும். அந்தத் தாளில் இருந்த கோபத்தை நடைக்குறை என்று மட்டும் படிக்க முடியாது.

இன்னொரு வேறுபாடு பேசப்படுவதே இல்லை. ஹார்வர்ட் மாணவர்களை நிறைய எழுத வைத்தது, ஆனால் அவசரமாகப் படித்தது. சிட்டி கல்லூரி ஆழமாகப் படித்தது. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே படித்த அதன் மாணவர்களுக்கு நாளொரு பக்கம் எழுத நேரம் எங்கே? எழுத்து கைக்கு வர எழுதித்தான் ஆகவேண்டும் என்பதை ஷாக்னெஸியும் அழுத்திச் சொன்னார். என் கருத்தில், வென்டல் கேட்ட பக்கத்தை ஷாக்னெஸியின் கண் படித்திருந்தால் அதுவே இந்தப் பாடத்தின் சரியான வடிவம். அதற்குத் தடை எப்போதும் பணம்தான். ஹார்வர்டில் தாள் சுமையை இளம் பயிற்றுநர்கள் சுமந்தார்கள். சிட்டி கல்லூரியில் பகுதிநேர ஆசிரியர்கள் சுமந்தார்கள். நகரம் திவாலாகும் நிலைக்கு வந்த 1975–76இல் முதலில் வேலை இழந்தவர்கள் அவர்களே. 1976இல் கட்டணமில்லாக் கல்வியும் முடிந்தது. ஷாக்னெஸி 1978இல் புற்றுநோயால் இறந்தார். 1999இல் பல்கலைக்கழக அறங்காவலர்கள் நான்காண்டுக் கல்லூரிகளில் அடிப்படைப் பயிற்சி வகுப்புகளை நிறுத்த முடிவெடுத்தார்கள். அந்த மாணவர்கள் ஈராண்டுக் கல்லூரிகளுக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அமெரிக்கக் கட்டுரைப் பாட ஆசிரியர்களின் அமைப்பு இன்றும் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் வேண்டாம், அடிப்படைப் பயிற்சி வகுப்பில் 15 பேருக்கு மேல் வேண்டாம்.